நாலு லேப் சொன்னால்

சின்னவள் தன் வயிற்றை எடுத்துவிடப் போகிறாள். வயிற்றில் இருக்கும் கட்டியை அல்ல. கட்டி கிட்டி எதுவும் கிடையாது. வயிற்றையேதான். இரைப்பையை முழுசாக வெட்டி எடுத்துவிட்டு, உணவுக்குழாயை நேராகக் குடலோடு சேர்த்துத் தைத்துவிடுவார்களாம். அடுத்த வாரம் வியாழக்கிழமை, காலை ஏழரைக்கு. அதை அவள் சொன்ன விதம் இருக்கிறதே, வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லிவிட்டேன் என்பதுபோல இருந்தது.

கேட்டுக்கொண்டிருந்த பெரியவளுக்கு வாயில் வைத்தது உள்ளே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசை. பெரியவள் முன்னால் நிறையப் பரிமாறிய பெரிய தட்டு. சின்னவள் முன்னால் அவளுடைய ஆறு வயது மகளின் தட்டு, நடுவில் முயல் படம் போட்டது. அந்த முயலின் ஒரு காதை மறைக்கும் அளவுக்குத்தான் அதில் சோறு. ஒவ்வொரு வாயையும் முப்பது தடவை மென்று விழுங்கப் பழகிக்கொள்ளும்படி மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சின்னவள் இடது கை விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டே மென்றாள். எண்ணும்போது பேச முடியாது, பேசினால் கணக்கு விட்டுப்போகும். ஆகவே செய்தி மொத்தமும் பெரியவளுக்குத் தவணை முறையில்தான் வந்து சேர்ந்தது.

"எதுல ஆரம்பிச்சுது இது?" என்றாள் பெரியவள்.

சின்னவள் முப்பதை முடித்து விழுங்கினாள். "அந்த எச்சில் பெட்டிலதான்கா. உனக்குக்கூட ஒண்ணு குடுத்தேனே."

கொடுத்தாள்தான். சின்னவள் பேருந்துப் பணிமனையில் கால அட்டவணை போடுகிறவள். அங்கே ஊழியர் நலத் திட்டத்தில் ஒரு கம்பெனிக்காரன் வந்து, குப்பியில் எச்சில் துப்பிக் கொடுத்தால் உங்கள் உடம்பின் ஜாதகத்தையே கையில் தருகிறேன் என்று விற்றுவிட்டுப் போனான். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். இலவசமாக வந்த பெட்டியை அக்காவுக்குத் தந்தாள். அது இரண்டு மாதமாகப் பெரியவளின் கைப்பையிலேயே, சீல் பிரிக்காமல், குடைக்கும் தலைவலி மாத்திரைக்கும் நடுவில் கிடக்கிறது. மரபணு ஆய்வகத்தில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறவளுக்கு எச்சில் துப்ப நேரம் கிடைக்கவில்லையாம். நம்பிக்கொள்ளுங்கள்.

சின்னவள் போனை நீட்டினாள். திரையில் பச்சை வட்டங்கள் வரிசையாக. காபி குடித்தால் தூக்கம் கெடாது, பச்சை. காது அழுக்கு உலர்ந்த வகை, அதற்கும் ஒரு பச்சை. கடைசியில் ஒரே ஒரு சிவப்பு வட்டம். ஒரு மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. இது வயிற்றுப் புற்றுநோயைக் கொண்டுவரும் தீங்கான மாறுதல். நான்கு ஆய்வகங்கள் உறுதிசெய்துள்ளன. உடனே மருத்துவரைப் பார்க்கவும்.

"டாக்டரும் பார்த்தாருக்கா. லேபெல்லாம் பதிஞ்சு வைக்கிற அந்தப் பொதுக் களஞ்சியத்தைத் திறந்து பார்த்தாரு. அம்மாவும் இதே வியாதியில போனாங்கன்னதும் ஒரே முடிவா சொல்லிட்டாரு. வர்றதுக்குள்ள எடுத்துடலாம்னு." அவள் அடுத்த வாயை எடுத்துக்கொண்டு சொன்னாள். "ஒண்ணு ரெண்டு இல்ல, நாலு லேப் சொல்லுது. உங்க லேபும் அதுல இருக்கு."

இருக்கும். இருக்கத்தான் செய்யும். அந்த எழுத்து மாறியிருக்கும் இடத்தின் எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் பெரியவள் போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். சிலருக்குத் தங்கள் கல்யாணத் தேதிகூட மறந்துபோகும். இந்த எண் அவளுக்கு ஒன்பது வருடமாக மறக்கவில்லை.

அவள் வேலை என்ன என்று இங்கே சொல்லிவிடுவது நல்லது. மனிதனுடைய டி.என்.ஏ.வில் முந்நூறு கோடி எழுத்து. யாருடையதைப் படித்தாலும் பல லட்சம் இடங்களில் மற்றவர்களிடமிருந்து மாறித்தான் இருக்கும். பெரும்பாலான மாறுதல்கள் பரம சாதுக்கள். ஒன்றிரண்டு ஆளைக் கொல்லும். எது சாது, எது கொலைகாரன் என்று பார்த்து மூன்று பெட்டிகளில் ஒன்றில் போடுவதுதான் அவள் வேலை: தீங்கானது, தீங்கற்றது, தெரியவில்லை. போட்டபின் அதை உலகத்து ஆய்வகங்கள் எல்லாம் பார்க்கிற பொதுக் களஞ்சியத்தில் ஏற்ற வேண்டும். அவள் பத்தில் எட்டைத் 'தெரியவில்லை'யில் போடுவாள். அதனால் அலுவலகத்தில் அவளுக்குக் 'கேள்விக்குறி' என்று பெயர். அவ்வளவு கறாரானவள். ஒரே ஒரு தடவை தவிர.

அந்தத் தடவை அவள் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அம்மா ஐம்பத்தொரு வயதில், வயிற்றுப் புற்றுநோயில், கண்டுபிடித்த ஏழாவது வாரம் போய்ச் சேர்ந்தாள். போவதற்கு முன் எடுத்த ரத்தம் பரிசோதனைக்கு வந்தது. ஊரில் இருந்தது ஒரே ஆய்வகம், இவளுடையது. சொந்தக்காரர்களின் ரத்த மாதிரி வந்தால் எதிர் மேசைக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. குழாயின்மேல் பெயர் இருக்காது, எண்தான். ஆனால் அந்த எண்ணை ஒட்டியபோது பெரியவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. தானே பிரித்தாள், தானே படித்தாள்.

ஓர் எழுத்து மாறியிருந்தது. அதைப்பற்றி எங்கேயும் ஒரு வரி எழுதப்பட்டிருக்கவில்லை. விதிப்படி அது 'தெரியவில்லை'. மூன்று நாள் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அம்மா போய் இருபது நாள்கூட ஆகவில்லை. வீட்டில் அம்மாவின் மூக்குக் கண்ணாடி இன்னும் குளிர்சாதனப் பெட்டிமேல் இருந்தது. ஏன் போனாள் என்ற கேள்விக்குத் 'தெரியவில்லை' என்று தன் கையாலேயே எழுத அவளால் முடியவில்லை. 'தீங்கானது' என்று போட்டாள். காரணம் என்ற கட்டத்தில், 'இம்மாறுதல் உள்ளவர் இளவயதில் இந்நோயால் இறந்தார்' என்று எழுதினாள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பிரிவுத் தலைவர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாற்பது கோப்புகளோடு சேர்த்து அதிலும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அன்றைக்குத்தான் அவள் அம்மாவுக்காக முதன்முதலாக அழுதாள். அழ ஒரு காரணம் கிடைத்துவிட்டதல்லவா.

இப்போது தங்கையின் போனைக் கையில் வைத்துக்கொண்டு பெரியவளுக்கு என்ன தோன்றியது தெரியுமா? சொல்லவே கூச்சமாக இருக்கிறது. முதலில் தோன்றியது பயமல்ல, நிம்மதி. நாலு லேப் சொல்கிறது. அப்படியானால் அன்று நான் போட்டது சரி. அம்மா போனதற்குக் காரணம் அதுதான். அப்புறம்தான் எதிரே முயல் தட்டை வழித்துக்கொண்டிருக்கும் தங்கையைப் பார்த்தாள். சீ, நானும் ஒரு மனுஷியா என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது.

திங்கட்கிழமை காலை எல்லாருக்கும் முன்னால் அலுவலகம் போய்க் களஞ்சியத்தைத் திறந்தாள். மற்ற மூன்று ஆய்வகங்களும் வேறு நோயாளிகளைப் பார்த்துத்தானே சொல்லியிருக்கும்? அந்த விவரத்தைப் படித்தால் தங்கைக்கு எத்தனை அபாயம் என்று கணக்காகத் தெரிந்துவிடும்.

முதல் பதிவு இவளுடையது. இரண்டாவது ஆய்வகம் இரண்டு வருடம் கழித்துப் பதிந்திருந்தது. காரணம்: 'மற்றோர் ஆய்வகம் தீங்கானது எனப் பதிந்துள்ளது.' மூன்றாவது, அதற்கடுத்த வருடம். காரணம்: 'இரண்டு ஆய்வகங்கள் ஒத்துப்போகின்றன.' நான்காவது கொஞ்சம் படித்த ஆசாமி போலிருக்கிறது, நடை நன்றாக இருந்தது: 'மூன்று ஆய்வகங்கள் தனித்தனியே ஆராய்ந்து உறுதிசெய்துள்ளன.' நோயாளி என்று ஒருவர் எங்கும் இல்லை. பெரியவள் மறுபடி தன் பதிவுக்கே வந்தாள். போன வருடம் பழைய பதிவுகளையெல்லாம் புதுப்பிக்கச் சொன்னபோது, அவளே ஒரு பொத்தானை அழுத்தியிருந்தாள். அதன் கீழே அழகாக வந்து உட்கார்ந்திருந்தது: 'நான்கு ஆய்வகங்களின் ஒருமித்த முடிவின்படி உறுதிசெய்யப்படுகிறது.'

ஆக, இவளைப் பார்த்து அவர்கள், அவர்களைப் பார்த்து இவள். நடுவில் இருந்ததெல்லாம் அம்மாவின் ஒரே ஒரு குழாய் ரத்தம். அந்த ஒரு சாவைத்தான் மருத்துவரும் குடும்ப வரலாறு என்று இன்னொரு தடவை எண்ணியிருக்கிறார். அம்மா செத்தது ஒரு தடவை; கணக்கில் ஐந்து தடவை செத்திருந்தாள்.

பிரிவுத் தலைவர் வந்ததும் வராததுமாகப் பெரியவள் அவர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தது. மேசையில் பாதியைக் காலி செய்து, பூச்சட்டியைக்கூட வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டிருந்தார்.

"உங்க சொந்தத்தோட மாதிரியை நீங்க தொடக்கூடாதும்மா. ரூல் தெரியும்ல?" என்றார்.

"அப்பவே தொட்டுட்டேன் சார்."

"அது தெரியுது. இப்பவும் தொடக்கூடாதுங்கிறேன். பெட்டி மாத்தணும்னா குழு கூடணும். குழு அடுத்த மாசம்தான் கூடுது."

"ஆபரேஷன் அடுத்த வாரம் வியாழக்கிழமை சார்."

அவர் பழைய கோப்பைப் புரட்டித் தன் கையெழுத்தைக் கண்டுபிடித்தார். முகத்தில் ஈயாடவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்தபின் குரலைத் தணித்துக்கொண்டார். "சரி, தீங்கானது இல்லன்னு சொல்ல என்ன ஆதாரம் இருக்கு?"

ஆய்வகத்தில் இருப்பவர்களையெல்லாம் ஒன்பது வருடமாக அவள் கேட்டு உயிரை வாங்கிய கேள்வி இது. அன்று பதில் சொல்ல வேண்டியவள் அவள். யோசித்தபோது மாமாதான் நினைவுக்கு வந்தார்.

அம்மாவின் அண்ணன். எழுபத்தொன்பது வயது. ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக். அவருடைய வயிறு குடும்பத்தில் தனிப்பட்ட கௌரவம் பெற்ற உறுப்பு. கல்யாண வீடுகளில் அவர் இரண்டாவது பந்தியிலும் உட்கார்வதை யாரும் ஆட்சேபித்ததில்லை. ஏப்பம் என்றால் என்ன என்று கேட்பார். அன்று மாலை பெரியவள் ஆய்வகக் குப்பியோடு போய் நின்றபோது, வாசல் கதவின் கீலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"இதுல எச்சிலா? எதுக்கும்மா?"

"உங்க வயிறு ஏன் இவ்ளோ நல்லா இருக்குன்னு பார்க்கணும் மாமா."

"அதுக்கு லேப் எதுக்கு. என்னைக் கேட்டா நானே சொல்வேனே. வயித்துக்கு வேலை குடுத்துக்கிட்டே இருக்கணும், அவ்ளோதான்." குப்பியை வாங்கித் தூக்கிப் பார்த்தார். "கோடு வரைக்கும் போதுமா, மேலயும் வேணுமா?"

விளையாட்டாகச் சொல்லிக்கொண்டே நிரப்பினார். மூடியைத் திருகும்போது மட்டும் சிரிப்பு நின்றது. "உங்கம்மா பத்தினதா?" என்றார். பெரியவள் தலையாட்டினாள். மூடியை இன்னும் ஒரு சுற்று இறுக்கிக் கையில் கொடுத்தார்.

இந்தத் தடவை அவள் விதியை மீறவில்லை. குழாயை எதிர் மேசைக்காரரிடம் கொடுத்துவிட்டு, நான்கு நாள் அந்தப் பக்கம் திரும்பாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். வெள்ளிக்கிழமை அவர் ஒரு தாளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அதே மரபணு, அதே இடம், அதே எழுத்து. மாமாவுக்கும் இருக்கிறது. அதோடுதான் எழுபத்தொன்பது வருடம் இரண்டு பந்தியில் சாப்பிட்டிருக்கிறார்.

பிரிவுத் தலைவர் தாளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "ஒரே ஒரு ஆளை வெச்சு என்னம்மா சொல்ல முடியும்?"

"ஒரே ஒரு ஆளை வெச்சுத்தான் சார் ஒன்பது வருஷமா சொல்லிட்டு இருக்கோம்."

அவர் நாற்காலியை இரண்டு தடவை அப்படியும் இப்படியும் திருப்பினார். பிறகு வாய் திறந்து ஒரு வழி சொன்னார். பெட்டி மாற்றத்தான் குழு வேண்டும். பதிந்தவரே பதிவைத் திரும்பப் பெற யாரும் வேண்டாம், காரணம் எழுதினால் போதும். பெரியவள் அங்கேயே உட்கார்ந்து எழுதினாள்: 'பதிவாளர் தம் தாயின் மாதிரியை விதிக்கு மாறாகத் தாமே ஆராய்ந்தார். போதிய ஆதாரம் இன்றி முடிவெடுத்தார்.' அவர் படித்தார். இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டு, ஒவ்வொரு வரியாக. கையெழுத்துப் போட்டபின் பேனாவை மூடாமலே வைத்துக்கொண்டிருந்தார்.

அரை மணி நேரத்தில் களஞ்சியத்திலிருந்து அவள் பதிவு மறைந்தது. பார்க்கிறாள், மற்ற மூன்றும் அப்படியே நிற்கின்றன. ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்துக்கொண்டு, ஜம்மென்று. மூன்று பேருக்கும் கடிதம் அனுப்பினாள். ஒருவரிடமிருந்து உடனே பதில் வந்தது, தானியங்கிப் பதில்: உங்கள் கருத்துக்கு நன்றி, தொண்ணூறு நாட்களுக்குள் பரிசீலிப்போம். தங்கையின் போனில் வட்டம் சிவப்பாகவேதான் இருந்தது. 'நான்கு' என்ற இடத்தில் 'மூன்று' என்று மாறியிருந்தது, அவ்வளவே.

அறுவை மருத்துவரிடம் போனில் பேசினாள். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அப்படியென்றால் அவசரமில்லை, தள்ளிப்போடலாம், வருடம் ஒரு தடவை வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். "ஆனா ஒண்ணு. பேஷண்ட் வந்து சொல்லணும். அவங்க ரொம்பத் தெளிவா இருக்காங்க. அந்த முதல் பதிவு எப்படி வந்ததுன்னு நீங்களே அவங்ககிட்ட சொல்லிடுங்களேன்."

அதுதானே முடியவில்லை. உலகத்துக் களஞ்சியத்தில் எழுத முடிந்ததைத் தங்கையின் மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளையும் துணி துவைத்தே ஓட்டினாள். திங்கட்கிழமை சாயங்காலம், அறுவைக்கு மூன்று நாள் இருக்கையில், மறுபடி அந்த மேசையில் போய் உட்கார்ந்தாள். சின்னவள் அக்காவுக்குப் பெரிய தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு, முயல் தட்டோடு எதிரே உட்கார்ந்தாள். மருத்துவமனைக்கு எடுத்துப்போக வேண்டிய பை கதவோரம் தயாராக இருந்தது.

பெரியவள் தட்டைத் தொடவில்லை. மாமாவின் தாளில் ஆரம்பித்து, பின்னோக்கி நடந்து, அம்மாவின் குழாய் வரைக்கும் போனாள். பூசி மெழுகாமல் சொன்னாள். சின்னவள் முதல் வாயை மென்றுகொண்டிருந்தவள், பத்திலோ பன்னிரண்டிலோ விரலை மடக்குவதை நிறுத்திவிட்டாள்.

"இன்னும் மூணு லேப் சொல்லுதே," என்றாள்.

"மூணும் என்னைப் பார்த்து எழுதினதுதான்."

"அப்ப அம்மா எதனால போனாங்க?"

"புற்றுநோயால. அது ஏன் வந்துச்சுன்னு தெரியல."

"தெரியலைன்னா?"

"தெரியலைன்னா தெரியலதான். எனக்குத் தெரியல, யாருக்கும் தெரியல. அன்னைக்கே அப்படித்தான் எழுதியிருக்கணும். என்னால முடியல."

சின்னவள் முயல் தட்டைக் கொஞ்சம் தள்ளிவைத்தாள். அவளுக்குக் கோபம் வரும் என்று பெரியவள் காத்திருந்தாள். வந்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தாள். ஆனால் சின்னவளுக்குக் கண்தான் கலங்கியது.

"உனக்கு அம்மா முகம் அப்படியே இருக்கு. எனக்கு ஒண்ணுமே வரலன்னு எல்லாரும் சொல்வாங்க. அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்ததும் பயமாத்தான் இருந்துச்சு. ஆனா இது அம்மாவோடதுன்னு ஒரு, என்ன சொல்றது. வயித்தைக் குடுத்தாக்கூடப் பரவாயில்லன்னு இருந்துச்சுக்கா."

"எழுத்து அம்மாவோடதுதான். அது பொய் இல்ல. அது கெட்டதுங்கிறதுதான் நானா சொன்னது."

உள்ளறையில் குழந்தை தனக்குத்தானே ஏதோ பாடிக்கொண்டிருந்தது. சின்னவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் போடற டைம்டேபிள்ல பாதி, ஊகிச்சுப் போடறதுதான். அச்சடிச்சு ஒட்டினதும் ஜனங்க அதை நம்பி வெயில்ல நிப்பாங்க. நானே ஒரு நாள் நின்னேன், தெரியுமா? நான் போட்ட பஸ்ஸுக்கு." சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். "ஆமா, உனக்கு இருக்கா அது?"

பெரியவளின் கண் தன் கைப்பைப் பக்கம் போய்த் திரும்பியது.

"ஒன்பது வருஷமா அங்கதான இருக்க. உனக்கு இருக்கா இல்லையா?"

"பார்க்கல."

"ஏன்?"

"பயம்," என்றாள் பெரியவள். இதைவிடச் சின்ன உண்மையை அவள் வாழ்நாளில் சொன்னதில்லை, இதைவிடக் கஷ்டப்பட்டும் சொன்னதில்லை. நான்கு லேப் சொன்னதை உலகத்தில் எல்லாரையும்விட அதிகமாக நம்பியவள் அவள்தான்.

சின்னவள் எழுந்தாள். நேரே போய் அக்காவின் கைப்பையைத் திறந்து, குடையை எடுத்துப் போட்டு, மாத்திரையை எடுத்துப் போட்டு, அடியிலிருந்த பெட்டியை வெளியே இழுத்தாள். சீலைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். குப்பியை அக்காவின் கையில் வைத்துவிட்டு, பெட்டிமேல் இருந்த குறிப்பை உரக்கப் படித்தாள்.

"எச்சில் குடுக்கறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது."

பெரியவளின் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, வாய் முழுவதும் காய்ந்து கிடந்தது. அரை மணி அல்ல, அரை நாள் ஆனாலும் அந்தக் கோடு வரைக்கும் அவளால் நிரப்ப முடியும் என்று தோன்றவில்லை.

"அவசரம் இல்ல. நான் இங்கதான் இருக்கேன்," என்றாள் சின்னவள்.

பிறகு அக்காவின் முன்னால் இருந்த பெரிய தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, எண்ணாமல் சாப்பிட ஆரம்பித்தாள்.